புகைக்கு உடையவர் யார்?

வளர்முக நாடொன்றினுள் அந்நிய மூலதனம் புகும்பொழுது அந்நாட்டினின்று வானுக்கு எழும் புகை மிகுமா, குறையுமா என்பது பொருளியலாளர் நெடுங்காலமாக விவாதித்துவரும் வினாவாகும். புள்ளிவிவரங்களைத் திரட்டிச் சமன்பாடுகளை நிறுவி, ஒரு சாரார் மிகும் என்பர். மறுசாரார் குறையும் என்பர். இரு திறத்தாரும் பொய்யுரைப்பவர் அல்லர். அவர்கள் எடுத்துக்கொண்ட நாடுகளும் ஆண்டுகளும் வேறாதலின் விடையும் வேறாகின்றது. ஆயின் அவ்வினாவுக்கும் முற்பட்டதோர் வினா உண்டு. கூடினும் குறையினும் அப்புகை எவருடையது? அதனை எவருடைய கணக்கில் எழுதுவது? அளவைக் கருவிகளால் மட்டும் இதனைத் தீர்த்தல் இயலாது. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது. அதனைக் கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பின் கரையில் நின்று நோக்க முற்படுகின்றது.

அங்கு நிற்பதற்குக் காரணம் உண்டு. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பினால் கிழக்கெங்கும் பெயர் பெற்ற ஊர். அதனை அடுத்துள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்றது. மேற்கே வயல், கிழக்கே கடல். விழாக்காலத்துத் தீக்குழியையும் வீட்டடுப்புகளையும் நெல் அவிக்கும் ஆலைகளையும் விட்டால் இங்கே புகை எழுப்புவன மிகச் சிலவே. உலகின் வானை மாசுபடுத்தியோர் பட்டியலை எத்துணை நீளமாக எழுதினும் இவ்வூரார் பெயர் அதில் இடம்பெறாது. அம்மாசினால் உயரும் கடலை எதிர்கொள்வோர் பட்டியலிலோ, தாழ்ந்த மணற்கரையில் வாழும் இவர்கள் முன்வரிசையில் நிற்பர்.

முதலில் அறிஞர் கூற்றுகளைச் சுருங்க நோக்குவோம். செல்வ நாடுகள் தம் சுற்றாடற் சட்டங்களை இறுக்கும்பொழுது அழுக்கான தொழில்கள் சட்டம் தளர்ந்த வறிய நாடுகளை நாடிச் செல்லும் என்பது ஒரு கொள்கை. ‘மாசின் புகலிடம்’ என அதனை அழைப்பர். அந்நிய நிறுவனம் மேம்பட்ட பொறியையும் ஒழுங்கையும் உடன்கொண்டு வருதலின் உள்ளூர்த் தொழிலைக் காட்டிலும் குறைந்த சக்தியையே செலவிடும் என்பது அதற்கு எதிர்க்கொள்கை. மூன்றாவதொன்றும் உண்டு. 1991 இல் குரொஸ்மன், குருகர் என்னும் பொருளியலாளர் இருவர், வருமானம் உயர உயர மாசு முதலில் ஏறிப் பின்னர் இறங்கும் என்று சில மாசுகளின் தரவுகொண்டு காட்டினர். சமமின்மை பற்றிச் சைமன் குஸ்நெற்ஸ் 1955 இல் கூறிய கருத்தின் சாயல் அதில் இருந்தமையின் அவர் பெயராலேயே அவ்வளைகோடு வழங்கலாயிற்று.

இம்மூன்றாவது கொள்கை ஆட்சியாளருக்கு மிக உவப்பானது. முதலிற் செல்வம், தூய்மை பின்னர் தானே வரும் என்று அதனை அவர்கள் பொருள்கொள்வர். ஆனால் எல்லாப் புகையும் ஒரு தன்மையன அல்ல. கந்தகப் புகை பெரும்பாலும் எழுப்பியவரின் அயலிலேயே வீழ்கின்றது. நகரத்தார் இருமுவர், முறையிடுவர், வாக்களிப்பர். ஈற்றிற் சட்டம் வரும். காபனீரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. எழுப்பியவரை விட்டு உலகெங்கும் பரவி நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடும். தன் முற்றத்தில் வீழாத குப்பையைக் கூட்டுவதற்கு எவர் விளக்குமாறு எடுப்பர்? ஆதலின் காபனைப் பொறுத்தவரை அவ்வளைகோடு அத்துணை எளிதில் வளைவதில்லை.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்வலு பெறலாம் எனப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். இலக்சபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இலேதான். அதே காலப்பகுதியில், 1949 தொடக்கம், கிழக்கிற் கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் அணை எழலாயிற்று. அதனைக் கட்டியது மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. நீருடன் சிறிதளவு மின்சாரமும் அங்கிருந்து கிடைத்தது, புகையற்ற மின்சாரம். எனினும் புகையற்றது என்ற ஒரே காரணத்தால் அதனைக் களங்கமற்றது எனல் தகாது. அத்திட்டத்தோடு வந்த குடியேற்றம் இம்மாவட்டத்தின் குடிப்பரம்பலை மாற்றியது. 1956 இல் கல்லோயாப் பள்ளத்தாக்கிற் சிந்திய தமிழர் குருதி எந்தச் சக்தி அறிக்கையிலும் பதிவாவதில்லை. புகையின் கணக்கை மட்டும் பார்ப்போர் இதனை மறத்தல் எளிது. இக்கரையிலுள்ளோர்க்கு அது எளிதன்று.

1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றிற்று. வரிச்சலுகை, மலிந்த உழைப்பு, தடையற்ற மின்சாரம் என்பன வெளிநாட்டு முதலீட்டாளருக்கு வாக்களிக்கப்பட்டன. முதல் இரண்டையும் ஒரு கையெழுத்தால் வழங்கிவிடலாம். மூன்றாவதற்கு அணைகள் வேண்டும். மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. விக்ரோறியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும் பணம் தந்தன. ஆதலின் அந்நிய மூலதனம் பெருகத் தொடங்கிய முதலிரு தசாப்தங்களில் நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே பிறந்தது. இதனைக் கண்டு மகிழ்ந்திருக்கையில் 1996 இன் வரட்சி வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின, நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு. தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க எண்ணெய் எரிக்கும் தனியார் மின்னிலையங்கள் அழைக்கப்பட்டன. அமெரிக்காவின் ஏ.ஈ.எஸ். நிறுவனம் களனிதிஸ்ஸவில் நிறுவிய நிலையம் 2003 இல் இயங்கியது. பின்னர், பல்லாண்டு எதிர்ப்புகளுக்குப் பிறகு, சீனக் கடனுடன் சீனக் கம்பனி கட்டிய நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் 2011 இல் முதல் அலகையும் 2014 இல் முழுமையையும் எய்தியது. அதன் கொள்ளளவு 900 மெகாவாட். இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிலக்கரியின் புகையே.

கடன் வேறு, முதலீடு வேறு என்று பொருளியலாளர் இவ்விடத்தில் இடைமறிக்கக்கூடும். சரியே. ஆயின் எரிக்கப்படுவது எது என்பதைத் தீர்மானிப்பதில் இரண்டும் ஒரே மேசையில் அமர்கின்றன. இவ்வரலாற்றில் நாம் காண்பது யாது? சுவீடனின் பணம் நீரை நாடியது, சீனத்தின் பணம் நிலக்கரியை நாடியது என்று கூறுவோர் உளர். அது பாதி உண்மையே. மூலதனம் இலாபத்தை நாடும். நீரா நிலக்கரியா என்பது அதற்குப் பெரிதன்று. இரு தடவையும் கையெழுத்திட்டது நம் அரசே. அந்நியர்மீது முழுப் பழியையும் சுமத்துதல் நம் அரசியல் மேடைகளில் நன்கு பழகிப்போன கலை. அக்கலையில் நாம் நம்மை வயதுவராதோராகக் காட்டிக்கொள்கின்றோம் என்பதை எவரும் உணர்வதாகத் தெரியவில்லை.

எனினும் இதற்குமேல் நம்மைக் கடிந்துகொள்வதும் நேர்மையாகாது. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். ஐக்கிய அமெரிக்காவில் அது 14 தொன் அளவிலானது. உலகின் மொத்தப் புகையில் நம் பங்கு ஆயிரத்தில் ஒன்றிற்கும் குறைவு. அந்த ஆயிரத்திலொரு பங்கினுள்ளும் மற்றையோர்க்காக எரித்தது எவ்வளவு? கட்டுநாயக்காவில் தைக்கப்படும் சட்டை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அணியப்படுகின்றது. அதனைத் தைத்த பொறிக்கும் அழுத்திய நீராவிக்கும் எரிந்தவை இலங்கையின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஏனெனில் 1992 இன் காலநிலைச் சமவாயத்தின் வழி வந்த கணக்குமுறை எரிந்த இடத்தையே நோக்கும். எவருக்காக எரிந்தது என்பதை நோக்காது. சட்டையை ஏற்றிச்செல்லும் கப்பலின் புகையோ இன்னும் வியப்புக்குரியது. பன்னாட்டுக் கடற்பயணத்தில் எரியும் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்க்கப்படுவதில்லை. தைத்தவளின் புகை நம்முடையது. அணிந்தவனின் கணக்கு தூயது. இடையே கடந்த கடலின் புகைக்கு உடையவரே இல்லை.

1991 இல் இந்தியாவின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை உழவனின் வயலிலிருந்து எழும் மெதேன் வாயுவையும் செல்வனின் மோட்டார் வண்டிப் புகையையும் ஒரே தராசில் நிறுத்தல் அநீதி என்று வாதிட்டனர். இரண்டாண்டுகளின் பின் அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ, பிழைத்தற்கான வெளியேற்றம், ஆடம்பரத்திற்கான வெளியேற்றம் என இதனை வகுத்து விளக்கினார். கல்முனையின் வயல்களும் நீர் நிறைந்து நிற்கையில் மெதேனை எழுப்புவனவே; அதனைப் பாவம் எனக் கூறத் துணிபவர் எவர்? இவ்வகுப்பு பயனுடையது. ஆனால் அதன் கோடு எங்கே வீழ்கின்றது என்று வாழ்க்கையுள் நின்று காணும்பொழுது ஐயம் எழுகின்றது.

இக்கரையின் ஊர்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் தாய் விறகடுப்பின் புகையிற் கண் கலங்கச் சமைத்தவள். இலங்கையின் சக்தி வழங்கலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இத்தகைய விறகு முதலியவற்றிலிருந்தே கிடைத்துவந்தது. விறகு மீண்டும் முளைக்கும் மரத்திலிருந்து வருதலின் கணக்கர் அதனைப் பெரிதுபடுத்தார். தாயின் நுரையீரலும் கணக்கில் இல்லை. மகள் தன் ஊதியத்தால் எரிவாயு அடுப்பை வாங்குகின்றாள். பின்னர் ஒரு குளிரூட்டி, தம்பிக்கு ஒரு மோட்டார் சைக்கிள். நாட்டின் புகைக்கணக்கில் அக்குடும்பத்தின் பங்கு பன்மடங்கு உயர்ந்துவிட்டது. புள்ளிவிவர நூலொன்று இதனை ‘அந்நிய முதலீட்டினால் வெளியேற்றம் அதிகரித்தமை’ என ஒரு வரியில் எழுதிச் செல்லும். தாய் நிமிர்ந்து நின்று சமைக்கின்றாள் என்பதும் அவ்வரியினுள்ளேதான் இருக்கின்றது.

ஆகவே நம் பழைய குறைந்த புகையை அறமாகப் போற்றுவோருடன் நான் உடன்படேன். அது தெரிவு செய்யப்பட்ட எளிமையன்று, இல்லாமை. 1990 அளவில் இந்நாட்டின் வீடுகளில் மூன்றிலொரு பங்கிற்குக்கூட மின்சாரம் கிட்டியிருக்கவில்லை. பட்டினி கிடப்பவனை நோன்பு நோற்றான் எனப் பாராட்டல் அவனை இகழ்வதற்கு ஒப்பாகும். நோன்புக்கு முதலில் உணவு இருத்தல் வேண்டும். மின்சாரம் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டிவிட்ட இன்றே, எதனை எரிப்பது என்னும் தெரிவு நம் கைக்கு வந்துள்ளது. தெரிவு வந்தவுடன் பொறுப்பும் வருகின்றது.

‘செல்வர் இருநூறு ஆண்டு எரித்தனர், எமக்கும் எரிக்க உரிமையுண்டு’ என்ற வாதத்தை இங்கே கருதவேண்டும். அவ்வுரிமை உண்டு என்றே நான் கொள்கின்றேன். ஆனால் உரிமை உண்டு என்பதாலேயே அதனை நிலக்கரியிற் செலவிடுதல் அறிவுடைமையாகாது. நுரைச்சோலைக்கு வேண்டிய நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது. டொலர் கொடுத்துப் பெறுவது. 2022 இல் டொலர் தீர்ந்தது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருள். ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எண்ணெய் வரிசைகளில் மக்கள் நாட்கணக்கில் நின்றனர். எரிக்கும் உரிமையை நாம் முழுமையாகக் கொண்டிருந்தோம். எரிப்பதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

தூய்மையான முதலீடு வந்தால் இத்துன்பங்கள் நீங்கும் என்பர். இதிலும் கண்மூடி நம்புதல் ஆகாது. மட்டக்களப்பில் பிரண்டிக்ஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை 2019 இல் நிகரக் காபன் வெளியேற்றம் அற்றது என்னும் சான்றைப் பெற்றது. போற்றத்தக்க முயற்சியே, நம்மவர் நிறுவனமொன்று இதனைச் சாதித்தமை மேலும் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இந்நாட்டின் ஆடைத் தொழிலுக்கு வேண்டிய துணியிற் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்து வருவது. ஆடையின் புகையில் மிகுதி பஞ்சை நூற்பதிலும் நெய்வதிலும் சாயமிடுவதிலும் எழுவது. தொழிற்சாலையின் மதிலோடு கணக்கை நிறுத்தினால் சுழியம் கிட்டும். மதிலைச் சற்றுத் தள்ளி வைத்தால் எண் மாறிவிடும். ஆக, எவ்வளவு என்ற வினாவுக்குள் எதுவரை என்ற வினா ஒளிந்திருக்கின்றது. கணக்கின் எல்லைக்கோட்டை எங்கே கீறுவது என்பதிலேயே நீதியும் அநீதியும் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன என்பது என் துணிபு.

இதனை விளக்க ஒலுவிலைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அது காபன் பற்றிய கதையன்று; எல்லைக்கோடு பற்றிய கதை. பாண்டிருப்பிலிருந்து தெற்கே, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்தால் ஒலுவில். அங்கே டென்மார்க்கின் கடனுதவியுடன் துறைமுகம் ஒன்று அமைக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. வர்த்தகக் கப்பல்கள் வரும், தொழில் பெருகும், தென்கிழக்கு செழிக்கும் என்று பேசப்பட்டது. கடலினுள் கற்சுவர்கள் நீண்டன. நம் கீழைக் கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலையும் நீரோட்டமும் அதனைக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். ஓரூரின் கரை அடுத்த ஊரின் கரைக்கு மணல் ஊட்டும். கற்சுவர் அதனை மறித்தது. தென்புறத்தில் மணல் குவிந்தது. துறைமுக வாயிலை அது மூடியது. வாயில் மூடியதால் மீனவரின் படகுகளும் இடர்ப்பட்டன. வடபுறத்திலோ ஊட்டம் இழந்த கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. ஒலுவிலின் தென்னந்தோட்டங்கள் வேரோடு சரிந்தன; நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டது. கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணல்வெளி வேண்டும், அவ்வெளி சுருங்கியது. வர்த்தகத் துறைமுகமாக அது வளரவும் இல்லை.

இதில் டென்மார்க்கு மக்கள் தீயவரா? அல்லர். பொறியியலாளர் மூடரா? மணலின் நகர்வு கடலோரப் பொறியியலின் முதற்பாடங்களுள் ஒன்று. திட்டத்தின் எல்லை துறைமுகத்தின் சுவரோடு முடிந்தது. நிந்தவூர் அந்த எல்லைக்கு வெளியே நின்றது என்பதே செய்தி. (2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையை இதனுடன் சேர்த்துப் பேசுவோர் உளர். பல்லாயிரவரை இம்மாவட்டத்தில் காவுகொண்ட அப்பேரழிவு நிலநடுக்கத்தால் நேர்ந்தது. மனிதன் எழுப்பிய புகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. துயரம் பெரிதென்பதால் காரணத்தை மாற்றிக் கூறுதல் கூடாது.)

ஒலுவிலைக் கண்ட கண்ணுடன் சம்பூரையும் மன்னாரையும் நோக்கலாம். 2006 இற் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். அவர்கள் திரும்பாதிருந்த காலத்திலேயே அங்கு இந்திய அனல்மின் கூட்டுத்தாபனத்துடன் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. எதிர்ப்புகளின் பின் 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் அதே கூட்டு முயற்சியாக 120 மெகாவாட் சூரியமின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. வானுக்கு இது பெரும் நன்மை. 2030 அளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபதைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாகவும் இனி நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை எனவும் 2021 இல் நாடு உலகிற்கு அளித்த வாக்குக்கும் இது பொருந்துவது. நிலக்கரியாயினும் சூரியனாயினும் நிலம் வேண்டும். அந்நிலத்தில் முன்பு வாழ்ந்தவரை எவர் கேட்டனர் என்ற வினா மட்டும் இரு திட்டங்களுக்கும் பொது.

மன்னாரில் அதானி நிறுவனம் காற்றாலைகளுக்கு முன்வந்தது. மன்னாரும் பூநகரியுமாக 484 மெகாவாட். இருபது ஆண்டு ஒப்பந்தம். வலசைப் பறவைகளின் வழி, மீனவரின் அச்சம், மழைநீர் வடிதல், அலகொன்றின் விலை எனப் பல வினாக்கள் நீதிமன்றம் வரை சென்றன. புதிய அரசு விலையை மீளாய முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. தூய சக்திக்குத் தோல்வி என்று சிலர் வருந்தினர். நான் அவ்வாறு முழுமையாகக் கருதவில்லை. அதே தீவில் 2020 இல் மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 100 மெகாவாட் காற்றாலைத் தொகுதியைத் தானே நிறுவியிருந்தது. அதற்கு எதிராகவும் முறைப்பாடுகள் உண்டு. ஆயினும் அதன் காற்றின் விலையை நிர்ணயிப்பவர் இந்நாட்டவரே. கேட்கப்படும் விலையை ஏற்க மறுப்பதும் வறிய நாடொன்றின் ஒழுக்கத்துள் அடங்கும். அவ்வாறு மறுத்த ஆண்டுகளில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும் என்பதும் உண்மையே. இம்மறுப்புக்கும் ஒரு புகைக்கணக்கு உண்டு, அதனையும் நாமே எழுதவேண்டும்.

மருதமுனையின் கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். அதனைக் காட்டிப் பழமையே தீர்வெனப் பேசுவது எளிது. ஆனால் இலங்கையிற் பருத்தி குறிப்பிடத்தக்க அளவில் விளைவதில்லை. அத்தறியின் நூலும் கடல் கடந்தே வருகின்றது. கணக்கின் கோட்டைச் சற்று நீட்டினால் தறியும் உள்ளே வந்துவிடும்.

1980 இன் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988 இன் திருத்தமும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை வேண்டுகின்றன. அம்மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; கருத்துரைக்க அவர்களுக்குத் தரப்படும் காலம் முப்பது நாள். மின்கொள்வனவு ஒப்பந்தமோ இருபது ஆண்டு நிற்பது. அறிக்கை பல நூறு பக்கம் கொண்டது. வரைபடங்களும் அட்டவணைகளும் நிறைந்தது. அதனை அலுவலகம் சென்று புரட்டுவதற்குக் கரைவலைத் தொழிலாளி ஒருவர் தம் ஒருநாட் பாட்டை இழக்கவேண்டும். அவர் சென்று புரட்டினால் முதலிற் பார்ப்பது வரைபடத்தில் திட்டத்தின் எல்லையைக் குறிக்கும் கோட்டையே. தம் ஊர் அதன் உள்ளேயா, வெளியேயா என்று.